கேட்காதவளிடம் சொன்னவை

எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நாளெல்லாம் கம்ப்யூட்டரில் நம்பர் தட்டுவது என் வேலை. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வீட்டில் மூன்று பேர், மூன்று போன். சாப்பிட்டாயா என்பதைத் தவிர யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. வருத்தமெல்லாம் இல்லை. மரத்துப்போன காலை யாராவது மிதித்தால் எப்படியோ, அப்படி இருந்தேன்.

சாயங்கால ரயிலில், பெண்கள் பெட்டியில், வீடு போய்ச் சேருவதற்குள் பாதிப் பேர் கீரையை ஆய்ந்து முடித்துவிடுவார்கள். நான் காதில் இயர்பட்ஸ் செருகிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். பாட்டு எதுவும் ஓடாது. யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒருநாள் எதிரே இருந்த அக்கா, வேறொரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவர், ஏதோ கேட்டார். நான் திரும்பவில்லை.

"பாவம், மிஷினு மாட்டியும் காது கேக்கல போல" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, ஒரு பிடி முளைக்கீரையை என் மடியில் வைத்து, ஆய்ந்து கொடு என்று சைகை காட்டினார். மறுப்பதற்குக்கூடச் சோம்பலாக இருந்தது. ஆய்ந்தேன்.

அன்றிலிருந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். "உனக்குக் கேக்காதுன்னுதாம்மே சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். புருஷன் இல்லை, மகள் பேசுவதில்லை, குழம்பில் உப்பு கூடிப்போனால் திட்டக்கூட ஆள் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்காமல் போயின. என்னிடம் மனசுவிட்டுப் பேசிய ஒரே ஆள் அவர். வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும்.

ஒருநாள் திருவொற்றியூர் தாண்டியதும் சொன்னார்: "ராத்திரில மூச்சு வாங்குது. செத்துக் கெடந்தாலும் நாத்தம் அடிச்சாத்தான் கதவத் தட்டுவானுங்கோ."

"எந்தத் தெருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கை நின்றது. என் காதைப் பார்த்தார், வாயைப் பார்த்தார்.

"அல்லாத்தையும் கேட்டுகினா இருந்த?"

"ஆமாக்கா."

கீரையைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து கதவருகே போய் நின்றுவிட்டார். முடிந்தது என்று நினைத்தேன். வெகுநாளைக்குப் பிறகு அழுகை வந்தது.

தண்டையார்பேட்டை வருவதற்குள் திரும்பி வந்தார். என் போனைப் பிடுங்காத குறையாக வாங்கித் தன் நம்பரை அடித்துக் கொடுத்தார்.

"டெய்லி காலையில ஒரு ரிங் வுடு. எடுக்கலன்னா, மார்க்கெட்டு பின்னால பச்சக் கதவு."

வண்டி நின்றது. இறங்கிப் போய்விட்டார்.