வல்லரசு நம்பரில் நாலு பேர்

ஒலக்கூரில் எங்கள் தெருவுக்கே கொரோனா ஊசிக்குப் பதிவு செய்து கொடுத்தவர் வல்லரசு அண்ணன். கூட்டுரோட்டில் சின்னதாக ஒரு செல்போன் கடை வைத்திருக்கிறார். ஐடிஐ படிப்பைப் பாதியில் விட்டவர். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு வெளியே பெரிய குடையின் கீழ் நின்று பல வருடம் சிம் கார்டு விற்று, அதன் பிறகு வைத்த கடை இது. போன் கண்ணாடியில் பிளாஸ்டிக் ஒட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். ஒரு குமிழிகூட விழாது. எந்த நேரத்தில் யார் போனை நீட்டினாலும் சலித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாம் அலையில் தெருவில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததும் எல்லாரும் ஊசிக்கு ஓடினார்கள். ஆன்லைனில் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவு செய்ய ஒரு செல் நம்பர் வேண்டும். அதற்கு ஒரு ஓடிபி வரும். சில நிமிடத்துக்குள் அதைப் போட்டாக வேண்டும். வந்தவர்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. இதில் நோய் பரவிவிடுமோ என்று அண்ணனுக்குப் பயம்.

கடையில் அவர் பெயரிலேயே வாங்கிப் போட்ட சிம்கள் சில இருந்தன. ஒரு நம்பரில் நாலு பேரைச் சேர்க்கலாம். சிம்களை மாற்றி மாற்றிப் போட்டு எல்லாரையும் தன் நம்பர்களிலேயே சேர்த்துவிட்டார். என் அம்மாவையும் அப்படித்தான் சேர்த்தார்.

“மெசேஜ் எனக்குத்தான் வரும். வந்ததும் சொல்றேன். நீங்க பேஜார் ஆவாதீங்க” என்றார்.

யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. தெருவில் அவரை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

அலை ஓய்ந்ததும் அந்த சிம்கள் மேசை டிராயருக்குள் போயின. யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. ஒவ்வொன்றாகச் செத்துப்போயின.

அடுத்த வருடம் கோடையில் சவரிராயன் கடைக்கு வந்தார். எங்கள் தெருக்காரர். குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர் வேலை பார்த்தவர். லீவில் வந்தவர் ஊரடங்கில் மாட்டிக்கொண்டு, இங்கே மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். இப்போது அதே வீட்டிலிருந்து மறுபடி விசா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானம். அன்றைக்குப் போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்களாம்.

“விழுப்புரத்துல ஏஜென்ட்ட போய்ட்டு வர்றேன் வல்லரசு. ஊசி சர்டிபிகேட்டுல பாஸ்போர்ட் நம்பர் ஏத்தணுமாம். பழைய பிரின்ட் செல்லாதுன்னுட்டான்.”

“அதுக்கின்னாண்ணா, ரெண்டு நிமிசம். எந்த நம்பர்ல போட்டோம்?”

“உன் நம்பர்லதான்.”

அண்ணன் டிராயரைத் திறந்தார். பழைய பிரின்டில் இருந்த நம்பரின் கடைசி இலக்கங்களைப் பார்த்து, அந்த சிம் எதுவென்று தேடினார். கிடைத்தது. போனில் போட்டுப் பார்த்தார். சிக்னல் இல்லை. தன் போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டார். மணி அடித்தது. டிராயரிலிருந்த சிம் செத்துக் கிடக்க, நம்பர் எங்கேயோ அடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி அதை வேறு யாருக்கோ கொடுத்திருந்தது.

ஒரு பெண் எடுத்தார்.

“அம்மா, வணக்கம்மா. உங்களுக்கு இப்ப ஒரு ஓடிபி வரும். அத மட்டும் கொஞ்சம் சொல்றீங்களா?”

“நீ பேங்க்லேருந்து பேசறியா?”

“இல்லம்மா, நான் ஒலக்கூர்ல…”

“போன வாட்டி பேசனவன் பாம்பேன்னான். நீ ஒலக்கூரா? வைடா போன.”

அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. அண்ணன் தன் போனின் திரையைச் சவரிராயனிடம் காட்டினார். எதிராளி பெயரைக் காட்டும் செயலியில் ‘கெங்கம்மா எலுமிச்சங்கா மலையனூர்’ என்று வந்திருந்தது. யாரோ அப்படிப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

“நாளைக்கு அமாவாச. மேல்மலையனூர் கோயில்ல கண்டிப்பா கட போட்டிருப்பாங்க. நேர்ல போய்டலாம்ணா.”

சவரிராயன் கோபப்படவில்லை. “உனுக்கு வீண் அலைச்சல்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணன் நினைத்தாராம்.

காலையில் கடையைத் திறக்காமல் இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினார்கள். செஞ்சி தாண்டியதுமே வண்டிகள் நெருக்க ஆரம்பித்தன. கோயில் தெருவில் எலுமிச்சை மாலை விற்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். ஒரு அம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக் கட் செய்தார்.

“அம்மா, அந்த ஒலக்கூர்க்காரன் நான்தாம்மா.”

கெங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “கட தேடியே வந்துட்டியா? அடுத்தது இன்னா, பீரோ சாவியா?”

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். அண்ணன் கீழே குந்தி, எல்லாவற்றையும் சொன்னார். சவரிராயன் பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார்.

“அது சரி. என் நம்பரு உனுக்கு எப்படித் தெரியும்?”

“அது முன்ன என் நம்பரும்மா. நான் ரீசார்ஜ் போடாம வுட்டுட்டேன். இவரு ஊசிய அதுலதான் பதிஞ்சேன். இவரு மேல தப்பு இல்ல. என் தப்பு.”

“உன் நம்பரா? அப்ப தெனம் ஒருத்தன் டாக்டர் கீறாரான்னு கேக்கறானே, அது நீதானா? நான் கூட எதோ பெரிய ஆஸ்பத்திரி நம்பர குடுத்துட்டானுங்கன்னு நெனச்சேன்.”

சவரிராயன் அப்போதுதான் சிரித்தார். கெங்கம்மாளும் சிரித்தார். ஆனால் போனைக் கையில் கொடுக்கவில்லை. நானே படிக்கிறேன், நீ எட்டிப் பார்க்கக் கூடாது என்றார். படிக்க ஆரம்பித்தபோது ஒருவர் வந்து மாலைக்கு விலை பேசினார். அவரை அனுப்பிவிட்டு வருவதற்குள் நேரம் முடிந்துபோனது. இரண்டாம் முறை, முந்தானையால் போனை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக உரக்கச் சொன்னார். தெருவுக்கே கேட்டது.

திரை திறந்தது. அந்த நம்பரில் நாலு பேர் இருந்தார்கள். சவரிராயன், அவர் மனைவி ஜெசி, அண்ணனின் மாமனார். மூன்று பேருக்கும் சிம் சாவதற்கு முன்பே இரண்டு ஊசியும் முடிந்திருந்தது. நாலாவது பெயர் பாஞ்சாலி. முதல் ஊசியோடு நின்றிருந்தது.

அண்ணன் பாஸ்போர்ட் நம்பரை ஏற்றினார். சரிபார்த்தார். சர்டிபிகேட்டை இறக்கிச் சவரிராயன் போனுக்கு அனுப்பினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கண் அந்த நாலாவது பெயரிலேயே இருந்தது.

“பாஞ்சாலி யாரு?” என்று கெங்கம்மாளே கேட்டார். “இந்த சிம்மு வாங்கன நாளா அந்தப் பேர்ல மெசேஜ் வந்துக்கினே இருக்குது. ரெண்டாவது ஊசி போட்டுக்கோன்னு இருக்குதாம், மருமவன் படிச்சான். எனுக்குத்தான் ரெண்டும் போட்டாச்சே. அழிச்சிட்டேன்.”

திரும்பும்போது சவரிராயன் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். உன் உதவியை மறக்க மாட்டேன், குவைத்திலிருந்து வரும்போது உனக்கு நல்ல போன் வாங்கி வருகிறேன் என்றார். அண்ணன் அவரை வீட்டில் இறக்கிவிட்டு, நேராகத் தெருக்கோடியில் இருக்கும் பாஞ்சாலி வீட்டுக்குப் போனார்.

பாஞ்சாலி அக்கா கணவரை இழந்தவர். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்துவந்தார். கம்பெனி பஸ் அண்ணன் கடைக்கு எதிரில்தான் நிற்கும். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அந்த வரிசையைப் பார்க்கிறார். அதில் பாஞ்சாலி இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

“வேலைக்குப் போறதில்லையாக்கா?”

“பொங்கலுக்கு அப்பறம் போகலப்பா. ரெண்டு ஊசி சர்டிபிகேட் இருந்தாத்தான் பஸ்ஸுல ஏத்துவோம்னுட்டாங்க. முகாமுக்குப் போனேன். எந்த நம்பர்ல பதிஞ்சிருக்குதுன்னு கேட்டாங்க. வல்லரசு நம்பர்னேன். போய் வாங்கினு வான்னாங்க.”

“ஏன்க்கா எங்கிட்ட வரல?”

“வந்தேன். கடையில கூட்டம். நீ சொல்றேன்னுதான சொன்ன? மெசேஜ் வந்தா சொல்லுவன்னு இருந்துட்டேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். “இப்ப வந்துச்சா?”

வந்தது என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் வந்தது, நாளைக்கே போட்டுக்கொள்ளுங்கள் என்றால் அந்த அக்கா கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். வாய்வரை வந்துவிட்டது என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்.

“எப்பவோ வந்துச்சுக்கா. எனுக்கு வரல. நம்பரு வேற ஆளுக்குப் போய்டுச்சு. நான் பாக்கல.”

பாஞ்சாலி முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த கேப்பையைக் கீழே வைத்தார்.

“என் எடத்துல வேற பொண்ண சேத்துட்டாங்க” என்றார்.

“நாளைக்கு நானே முகாமுக்கு இட்னு போறேன்க்கா. கம்பெனில வந்து நான் பேசறேன். எல்லாம் நானே…”

“வேணாம் வல்லரசு. நானே போய்க்கிறேன்.”

உள்ளே போனவர் ஒரு பட்டன் போனோடு வந்தார். பின்மூடி கழன்று, ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

“இது அப்பவும் எங்கிட்ட இருந்துச்சு. அன்னிக்கும் இடுப்புலதான் வச்சிருந்தேன். உன் போன் கீதான்னு நீ ஒரு வார்த்த கேக்கல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

“இதுல மாத்திக் குடு. மெசேஜ் எனுக்கு வரட்டும்” என்று சொல்லிவிட்டுத் தன் நம்பரைச் சொன்னார். அண்ணன் போனை எடுத்துக் குறித்துக்கொள்ளப் பார்த்தார். கண் கலங்கியதில் பாதி எண்களை விட்டுவிட்டார். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டார். பாஞ்சாலி அக்கா முதலிலிருந்து, இன்னும் நிதானமாகச் சொன்னார்.