சத்துக் குளிசைப் போத்தல்

என் தங்கைக்கு வலிப்பு நோய் இருந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு முப்பது வருடம் பிடித்திருக்கிறது. அம்மா உயிரோடு இருந்த காலத்தில் எழுதியிருந்தால், கொப்பியோடு சேர்த்து என்னையும் அடுப்பில் வைத்திருப்பார்.

நான் மருந்து கொடுக்கிறவன். கொழும்பில் அதற்கான படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தபோது எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. உடுத்த துணியோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினேன். பிறகு எப்படியோ பரீட்சையை எழுதி முடித்து, வலிகாமத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து யன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

படிப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, ஒரு மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேரும் பாதை. எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் எத்தனையோ பொருட்களைச் சோதித்து, ஒன்றைத் தெரிந்தெடுத்து, எலிக்குக் கொடுப்பார்கள். எலி சாகாவிட்டால் நலமாயிருக்கிற சில மனிதருக்கு, அதன் பிறகு நோயாளிகளுக்கு. ஆகுமா ஆகாதா என்று வருடக்கணக்காக எழுதிவைத்து, அந்தக் கடதாசிக் கட்டை ஒரு சபையின் முன் வைத்து, அவர்கள் ஓம் என்ற பிறகுதான் போத்தலில் லேபல் ஒட்டலாம். இத்தனை பேர் பட்ட பாடும் கடைசியில் அந்தத் துண்டுக் கடதாசியில் வந்து நிற்கிறது. லேபல் பொய் சொன்னால் உள்ளே இருப்பது மருந்தே இல்லை என்று படித்தேன். பரீட்சையில் அதை எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பாதையில் யாராவது திறந்துவிட வேண்டிய இன்னும் இரண்டு படலைகள் இருந்தன. முதலாவது, தொண்ணூறுக்குப் பிறகு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. தேவையான மருந்துகளை நாங்கள் பட்டியல் போட்டு அனுப்புவோம். கொழும்பில் யாரோ ஒருவர் சிவப்புப் பேனாவால் வெட்டுவார். வெட்டியது போக மிஞ்சியது கப்பலில் வரும், அல்லது வராது. உலகமே ஏற்றுக்கொண்ட குளிசைக்கு அந்த மனுசனின் பேனா இன்னொரு தரம் அனுமதி தர வேண்டும். அவர் வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாவது படலை எங்கள் அம்மா.

தங்கைக்குப் பதினைந்து வயதில், உடுவிலில் எங்கள் வீட்டுக் குசினியில் முதல் வலிப்பு வந்தது. தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளிற்று. அம்மா செய்த முதல் வேலை யன்னலைச் சாத்தியது. பிள்ளையைத் தூக்கியது அதற்குப் பிறகுதான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது, அம்மா வாசலிலேயே மறித்து நின்றுகொண்டு, "ஒண்டுமில்லை, விரதம். வெறும் வயித்தோடை நிண்டவள், தலை சுத்திப்போட்டுது" என்றார்.

வைத்தியர் தினமும் இரவில் போட ஒரு சின்ன வெள்ளைக் குளிசை எழுதித் தந்தார். தங்கை ஒரு நாள் தவறாமல் போட்டாள். வருடங்கள் போயின, வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குளிசைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. திடீரென்று நிறுத்தினால், ஒரு சில நாளில், அடங்கிக் கிடந்த வலிப்பு முன்னையைவிட மோசமாகத் திரும்பி வரும். வீட்டில் இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவளுக்கு இருபத்து மூன்று வயதில் தரகர் தென்மராட்சியிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். மாப்பிள்ளை சங்கக்கடை மனேச்சர். தகப்பன் இல்லை, தாயும் மகனும் மட்டும். சாதகமும் பொருந்தியது. அன்றைக்கு மாலை தங்கை என்னிடம் வந்து, "அண்ணை, அவருக்குச் சொல்லிப்போட்டுக் கட்டினால் என்ன?" என்று கேட்டாள்.

நான் வாய் திறக்கமுன் அம்மா உள்ளே இருந்து பாய்ந்து வந்தார். "சொல்லு. ஊர் முழுக்கத் தண்டோரா போடு. உனக்குப் பின்னாலை இன்னொருத்தி நிக்கிறாள். வருத்தக்காரக் குடும்பம் எண்டு அவளும் உன்னோடை சேர்ந்து குமராய்க் கிடக்கட்டும்."

நான் தங்கையின் பக்கம் நின்றிருக்க வேண்டும். வீட்டில் படித்தவன் நான்தானே. நிற்கவில்லை. அதைவிடக் கேவலமாக, ஒரு வழி கண்டுபிடித்தேன். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த விற்றமின் போத்தல் ஒன்று ஆஸ்பத்திரியில் வெறுமையாகக் கிடந்தது. தோடம்பழப் படம் போட்ட அழகான லேபல். அதைக் கழுவிக் காயவைத்து, வலிப்புக் குளிசையை நிரப்பி அவள் கையில் கொடுத்தேன். "ஆரும் கேட்டால் சத்துக் குளிசை எண்டு சொல்லு" என்றேன். அம்மா என் தலையைத் தடவி, "படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்" என்றார். கண்டறியாத படிப்பு!

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டு மாமியைப் பற்றி ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகும். மருமகளுக்கு முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் மகனுக்குப் போடுவார். நான் மாதம் ஒருமுறை சைக்கிளில் குளிசை கொண்டு போனால், திரும்பும்போது காரியரில் ஒரு பலாப்பழமாவது ஏறாமல் விடமாட்டார். "தம்பி, தங்கச்சிக்குச் சத்துக் குளிசை கொண்டு வாற அண்ணனை நான் இப்பதான் காணுறன்" என்பார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

பிறகு ஒரு தடவை, மாதக்கணக்காக மருந்துக் கப்பல் வரவில்லை. யன்னலடிக்கு வந்த வலிப்பு நோயாளிகள் எல்லோருக்கும், "அரைக் குளிசை போடுங்கோ, கப்பல் வந்தவுடனை முழுசாய்த் தாறன்" என்று சொல்லிக் கொடுத்தேன். அப்படிச் சொல்லிவிட்டு, மிஞ்சியதில் மூன்று மாதத்துக்கானதை எடுத்துத் தங்கையின் போத்தலை நிரப்பினேன். இதற்குப் பெயர் களவு. அப்போது அதை அண்ணனின் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நிரப்பிக் கொடுத்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு வியாழக்கிழமை மச்சான், அதுதான் தங்கையின் புருசன், யன்னலடியில் வந்து நின்றார். ஏதோ அலுவலாகப் பட்டணம் வந்தவராம்.

"மச்சான், உங்கடை தங்கச்சிக்குச் சத்துக் குளிசை முடிஞ்சுதாம். கையோடை வாங்கிக்கொண்டு வரட்டாம். காலமையும் ரெண்டு தரம் சொல்லி விட்டவள்."

"முடிஞ்சுதோ? மூண்டு மாசத்துக்குத் தந்தனானே!"

அவர் சிரித்தார். "எல்லாம் அம்மாவின்ரை வேலை. எங்கடை பள்ளிக்கூடத்திலை அகதிச் சனம் வந்து நிரம்பிப்போய்க் கிடக்கு. பிள்ளையள் எலும்பும் தோலுமாய் நிக்குதுகள் எண்டு, திங்கட்கிழமை கஞ்சி கொண்டு போனவ போத்தலையும் கொண்டு போய் ஆளுக்கு ஒண்டாய்க் குடுத்து முடிச்சுப்போட்டா. இவள் குளிச்சுப்போட்டு வாறதுக்கிடையிலை எல்லாம் முடிஞ்சுது."

"பிள்ளையளுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது? நல்ல சத்து மச்சான். பின்னேரம் வரைக்கும் அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரை. தாய்மார் அம்மாவைக் கும்பிடுகினம்."

திங்கட்கிழமையிலிருந்து அவள் குளிசை போடவில்லை. மாமியாரிடம் சொல்லவில்லை, புருசனிடம் சொல்லவில்லை. நாங்கள் பழக்கிய பிள்ளை அல்லவா, வாயை மூடிக்கொண்டு அண்ணைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரி அலுமாரியில் அந்தக் குளிசை ஒன்றுகூட இல்லை. இருந்ததை நான்தான் வழித்துத் துடைத்து எடுத்திருந்தேன்.

குளிசை இல்லாவிட்டாலும் சொல்ல ஒரு வசனம் இருந்தது. "மச்சான், அவளுக்கு வலிப்பு. தனிய விடாதேங்கோ." இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். வரிசையில் எங்கள் ஊர்ச் சனம் நாலு பேர் நின்றார்கள். இளையவளுக்கு அப்போதுதான் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான், "சத்துக் குளிசைதானே, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போனார்.

வெள்ளியும் சனியும் நாய் போல அலைந்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரண்டு மருந்துக் கடை, பட்டணத்தில் மிச்சமிருந்த கடைகள், எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். கடைசியில் குருநகரில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. அவளுடைய மகனுக்கு வலிப்பு. நான் அரைக் குளிசையாகக் குறைத்துக் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். வெட்கத்தை விட்டுப் போய், ஆஸ்பத்திரி ஆளான நானே குளிசை கடன் கேட்டு நின்றேன்.

"ஆருக்குத் தம்பி?"

"என்ரை தங்கச்சிக்கு."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் ஆச்சரியப்படவே இல்லை. உள்ளே போய் ஒரு கடதாசிச் சரையில் பத்துக் குளிசை கொண்டு வந்து தந்தாள். "உதுக்கு ஏன் தம்பி முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்? என்ரை பெடியனுக்கு வலிப்பு எண்டு கடற்கரை முழுக்கத் தெரியும். அவன் வலிச்சு விழுந்தால் பிடிக்கிறதுக்கு ஆள் இருக்கு. தங்கச்சியைத் தனியத் தண்ணியடிக்கும் நெருப்படிக்கும் விடாதேங்கோ." என் யன்னலில் நான் வாய்ப்பாடு போல ஒப்புவிக்கிற புத்திமதி அது. எனக்கே திருப்பிச் சொன்னாள்.

ஞாயிறு காலையில் சரையைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். போய்ச் சேர்ந்தபோது படலையடியில் சனம். மாமி பள்ளிக்கூடத்துக்குக் கஞ்சி கொண்டு போயிருக்கிறார், மச்சான் கூடவே வாளி தூக்கிப் போயிருக்கிறார். தங்கை தனியே கிணற்றில் தண்ணீர் அள்ளியிருக்கிறாள். கிணற்றுக்கட்டு முழங்கால் உயரம்கூட இல்லை. அவர்கள் திரும்பி வந்து, வீடு முழுக்கத் தேடிவிட்டுத்தான் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

வயது இருபத்து நாலு. பாவிகள் நாங்கள்.

ஊருக்குக் கதை கட்ட அரை மணித்தியாலம் காணும். இளம் பெட்டை, வருத்தம் துன்பம் ஒன்றும் இல்லாதவள், சத்துக் குளிசை போட்டுக்கொண்டு கல்லுப் போல இருந்தவள், ஏன் கிணற்றில் விழ வேண்டும்? குதித்திருக்கிறாள். ஏன் குதித்தாள்? மாமியார் கொடுமை. செத்த வீட்டுக்கு வந்தவர்களே கொல்லைப்புறத்தில் நின்று இதைக் கதைத்தார்கள். மாமியின் காதில் விழும்படி கதைத்தார்கள். எங்கள் அம்மா மறுக்கவில்லை. ஒப்பாரி வைத்துக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள், "இளையவளை நினைச்சுக்கொள்" என்றார்.

எட்டாம் நாள் செலவுச் சடங்குக்கு நாங்கள் போனோம். சனம் குறைந்த பிறகு மாமி என்னைத் தேடி வந்து முன்னால் இருந்தார். எட்டு நாளில் மனுசி பாதியாகிவிட்டார். வலிப்பு என்று சொன்னால், மருமகளின் உயிர் மருந்தைத் தன் கையால் அள்ளிக் கொடுத்தது தான்தான் என்று தெரிந்துகொள்வார். சொல்லாவிட்டால், மருமகளைக் கிணற்றில் தள்ளியவள் என்ற பெயரோடு கிடப்பார். இப்படியெல்லாம் அவருக்காக யோசித்ததாக நான் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டதுண்டு. உண்மை அதுவல்ல. முற்றத்தில் இளையவளின் சம்பந்தக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைத்தான் பார்த்தேன்.

"தம்பி, நான் அந்தப் பிள்ளைக்கு என்ன குறை வைச்சனான்?"

"உங்களிலை ஒரு பிழையும் இல்லை மாமி."

"அப்ப ஏன் குதிச்சவள்? உங்களுக்கு ஏதும் சொன்னவளோ? அண்ணனுக்குச் சொல்லாமல் இருந்திருக்கமாட்டாள். என்னைக் கொல்லாமல் சொல்லுங்கோ தம்பி, ஏன் குதிச்சவள்?"

"தெரியாது மாமி" என்றேன்.