ராகு காலத்துக்கு முன் ஏற்றிய லினக்ஸ்

சாவகச்சேரியில் மரண அறிவித்தலும், முப்பத்தோராம் நாள் நினைவு மலரும் கணினியில் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கடைக் கணினி வைரஸ் பிடித்து நாளுக்கு இருதரம் படுத்துவிடும். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் என் மனைவி, விண்டோஸை விட்டுவிட்டு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றச் சொன்னாள்.

“சும்மா தாறவன் எதையாவது எடுப்பான்,” என்றேன்.

“கம்பஸிலை படிச்ச ஒரு பெடியன் தனக்கெண்டு எழுதத் தொடங்கினது. பிறகு ஊருலகமே கூடித் திருத்தினது. உங்கடை போனுக்கை ஓடுறதும் உதின்ரை வழிவந்ததுதான். பயப்பிடாதேங்கோ.”

பயம் என்னோடு கூடப்பிறந்தது. அதனால் நல்ல நேரம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகும்போதே பத்து இருபத்தைந்து. பழையதை வைத்துக்கொண்டு ஏற்றவா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்றவா என்று திரை கேட்டது. கண் மணிக்கூட்டில் இருந்தது. வாசிக்காமலே அழிக்கச் சொல்லிவிட்டு, நேரத்துக்குத் தொடங்கிவிட்டேன் என்ற நிம்மதியில் தேத்தண்ணீர் குடித்தேன்.

பதினொரு மணிக்கு, மூன்று கிழமைக்கு முன் கணவரை இழந்த அம்மா வந்தார். மரண அறிவித்தலுக்காக அவர் தந்த கலியாணப் படத்தை ஸ்கேன் செய்து, அதில் கணவரின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தேன்.

“மலருக்கு முழுப் படத்தையும் போடும், தம்பி. இடம்பெயரேக்கை கொண்டு திரிஞ்ச ஒரே படம். அதை அவரோடையே பெட்டியுக்கை வைச்சு அனுப்பிப்போட்டன். உம்மட்டை அந்தப் படத்தின்ரை கொப்பி கிடக்குத்தானே?”

“ஓம், அம்மா,” என்றேன். அவர் படியிறங்கிய பிறகுதான் படங்கள் இருந்த இடத்தைத் திறந்தேன். ஒன்றுமில்லை. கதவைப் பூட்டிவிட்டு மனைவிக்குப் போன் அடித்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் என்னைத் திட்டக்கூட இல்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. அழிந்ததைத் தேடும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டாள். அதுவும் யாரோ சும்மா கொடுத்ததுதான். பெயரில்லாத படங்களாக வந்தன. நான் மலர் போட்ட ஊர்ச்சனம் எல்லாம் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். கடைசியில் அந்தக் கலியாணப் படமும் வந்தது, மேல்பாதி மட்டும். கீழே வெறும் சாம்பல் நிறம்.

அடுத்த நாள் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திரைக்குக் கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தார்.

“முகம் இருக்கு. அதுவே எனக்குக் காணும், தம்பி,” என்றார்.

பிறகு அந்தச் சாம்பல் நிறத்தில் விரலை வைத்தார்.

“இதிலைதான் என்ரை கையைப் பிடிச்சிருந்தவர்.”