நிசா டீச்சருக்கு ஒரு பரிந்துரை

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, போன் வந்திருப்பதாக அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்னார். கிருஷ்ணகிரியிலிருந்து நிசாவின் தம்பி அன்வர் பேசினார். "டீச்சர், அக்கா காலையில மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம். நீங்க வந்துருங்க." சரி என்று போனை வைத்துவிட்டு வந்து, பாதியில் விட்டிருந்த விடைத்தாளை முழுக்கத் திருத்தி மதிப்பெண்ணும் போட்டேன். அப்புறம்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் விளங்கவில்லை. ஓசூர் பஸ் நிலையத்தில் கிருஷ்ணகிரி வண்டியின் டிரைவர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரோடு போய்ச் சண்டை பிடித்தேன்.

நிசா என்கிற ரஹமத்துன்னிசாவை, சக ஆசிரியர்களான உங்களில் பலருக்குத் தெரியும். பேரிகை போகிற வழியில் இருந்த நம் பழைய பள்ளியில் ஆறு வருடம் ஆங்கிலம் எடுத்தவள். அதன்பின் மாலத்தீவிலும் ஓமனிலுமாகப் பதினான்கு வருடம் அதே ஆங்கிலத்தைக் கற்பித்தவள். அஞ்சலி என்பதால் 'அவர்' என்று போட்டு எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் அவள் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம், நான் ஏழாம் வகுப்புக்கு வரலாறு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தைச் சொல்லி முடியாது. அவள் அப்பாவுக்குக் கிருஷ்ணகிரியில் இரும்புச் சாமான் கடை. பூட்டு, கீல், குழாய், சங்கிலி என்று பை நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். பூட்டுவாள், திறப்பாள், மேஜைமேல் ஏறுவாள், குதிப்பாள். பிள்ளைகள் அவளோடு சேர்ந்து ஆங்கிலத்தில் கத்துவார்கள். தமிழில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நான் கேட்டபோது, "தமிழ்ல சொன்னா தெலுங்குப் புள்ளைங்க முழிக்குது, தெலுங்குல சொன்னா கன்னடக்காரப் புள்ளைங்க முழிக்குது. எல்லாருக்கும் ஒண்ணா தெரியாதது இங்கிலீசு ஒண்ணுதான். அதுலயே பேசிட்டா யாருக்கும் வருத்தமில்ல பாருங்க" என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் திருநெல்வேலிக்காரி. வீட்டுக்காரருக்கு ஓசூர் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தவள். வகுப்பென்றால் ஊசி விழுந்தால் கேட்க வேண்டும் என்று வளர்ந்தவள். தலைமையாசிரியரிடம் போய், "அங்க பாடம் நடக்கா, சந்தை நடக்கா?" என்று புகார் சொல்லிவிட்டேன். அவர் ஆய்வாளரிடம் சொல்ல, ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு அவளுக்கு மெமோ கொடுத்தார். தாய்மொழியில் பொருள் சொல்வதில்லை, மொழிபெயர்ப்பு எழுதிப் போடுவதில்லை, பொருட்களைக் காட்டியும் நடித்தும் மாணவர்களைக் கூச்சலிட வைக்கிறார், பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு இடையூறு என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். நான் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் பெங்களூரில் ஒரு ஓட்டலில் மாலத்தீவுக்கு ஆங்கில ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. தனியாகப் போக வீட்டில் விடமாட்டார்கள் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். மனசு குறுகுறுத்ததால் ஒத்துக்கொண்டேன். அங்கே போனால் எம்.ஏ. படித்தவர்கள், இருபது வருட அனுபவக்காரர்கள், ஆளுக்கொரு பைல். அவர்கள் ஒவ்வொருவராக வாடிய முகத்தோடு வெளியே வந்தார்கள். நம் மொழியே தெரியாத பிள்ளைக்குப் பாடம் எடுத்த அனுபவம் உண்டா என்று கேட்கிறார்களாம். எங்கே போவார்கள் அதற்கு? நிசா உள்ளே போய் அந்த மெமோவை எடுத்து நீட்டியிருக்கிறாள். மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்துச் சிரித்துவிட்டு, "இதில் எழுதியிருப்பது உண்மையா? எங்கே, செய்து காட்டுங்கள்" என்றார்களாம். வெளியே ஓடி வந்து என் குடையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஐந்தே நிமிடத்தில், கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் மூன்று பேர் அவள் சொல்லச் சொல்லக் கத்துவது எனக்கு வெளியே கேட்டது.

திரும்பும்போது அத்திப்பள்ளி செக்போஸ்டில் பஸ் நின்றது. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. புகார் சொன்னது நான்தான் என்றேன். "தெரியும்க்கா" என்றாள். எப்படி என்றேன். "பக்கத்து வகுப்பு ஆசிரியைன்னு போட்டிருந்துச்சே. எனக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் புளியமரம். புளியமரமா போயி கம்ப்ளைன்ட் குடுக்கும்?" அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "கேட்டிருந்தா இன்னைக்கு என்கூட வந்திருப்பீங்களா?" என்று சொல்லிவிட்டு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவள் உரித்துத் தின்றுகொண்டே வந்தாள்.

சம்பளமில்லா விடுப்பில் மாலத்தீவு போனாள். கடலையே பார்த்திராதவளுக்குச் சுற்றிலும் கடல். "அக்கா, இந்தத் தீவை அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை சுற்றுகிறேன்" என்று முதல் கடிதம். முதல் மாதம் பாடம் படுதோல்வியாம். ரயில் படத்தைக் காட்டியிருக்கிறாள், மலையைக் காட்டியிருக்கிறாள். அங்கே யார் கண்டார்கள் ரயிலையும் மலையையும்? பிறகு காலையில் படகுத் துறைக்குப் போய் மீன், வலை, கயிறு, துடுப்பு என்று ஒவ்வொன்றையும் தானே தெரிந்துகொண்டு வந்து பாடம் எடுத்தாள். மூன்றாம் வருடம் புதிதாக வருகிற ஆசிரியர்களைப் பழக்குகிற வேலையை அவளிடம் கொடுத்தார்கள்.

விடுப்பு தீர்ந்து திரும்பி வந்தாள். ஒன்பது மாதம் நம்மோடு இருந்தாள். உங்களில் சிலருக்கு அந்த நிசா ஞாபகம் இருக்கும். இடைவேளையில் எழுந்துபோய் ரோட்டோரம் நின்று போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குள் புதுத் தலைமையாசிரியர் வந்திருந்தார். தேர்ச்சி விகிதம்தான் அவருக்கு முக்கியம். நோட்ஸைப் படித்துக்காட்டு, பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும் என்றார். படித்துக்காட்டினாள். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது. எனக்கே அது பொறுக்கவில்லை.

அப்போதுதான் ஓமனிலிருந்து வேலை வந்தது. இனி விடுப்பு கிடையாது, போவதென்றால் ராஜினாமா செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அரசாங்க வேலை, பென்ஷன், எல்லாம் போகும். அங்கேயோ இரண்டிரண்டு வருட ஒப்பந்தம். "நீங்க சொன்னா கேப்பாங்க" என்று அன்வர் என்னிடம் வந்து நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அவளோடு மல்லுக்கு நின்றேன். "கல்யாணமும் வேண்டாம்னுட்ட. இருக்க ஒரு வேலையையும் விட்டுட்டுப் போறேங்கியே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? வயசான காலத்துல யாரு ஒன்னப் பாப்பா?" என்றேன்.

"அதெல்லாம் தெரியாதுக்கா. பயமாத்தான் இருக்குது" என்றாள். "ஆனா இங்கயே இருந்தா, நோட்ஸ் படிச்சுப் படிச்சு, நாளைக்கு அது எனக்கே பழகிப்போயிரும். அதுதான் ரொம்ப பயமா இருக்குது."

கோபத்தில் அவளை வாசல்வரைகூட அனுப்பி வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆறு மாதம் நான் அவள் கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

ஓமனில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலை. அந்த ஊர்ப் பெண்களை ஆங்கில ஆசிரியைகளாகப் பழக்க வேண்டும். "எத்தனை பேர நல்லா பழக்குறனோ அத்தன சீக்கிரம் என் வேலை போயிரும்" என்று ஒரு விடுமுறையில் வந்தபோது சொல்லிச் சிரித்தாள். அப்படியே ஆயிற்று. ஒன்பதாம் வருடம் அவளிடம் படித்த பெண்ணே அவள் நாற்காலிக்கு வந்தாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இதயம் பலவீனம், மாடிப்படி ஏறக்கூடாது என்றார் டாக்டர். போனமுறை நான் போனபோது மொட்டை மாடியில் நின்று கையாட்டினாள்.

அடக்கத்தன்று பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். உறவுக்காரப் பெண் ஒருவர், "அந்த வேலைய விடாம இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்றார். பத்து வருடத்துக்கும் மேலாக நான் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஆமாம் என்று தலையாட்டப் போனேன். ஆட்ட முடியவில்லை. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

பத்து நாள் கழித்து என் வீட்டு முகவரிக்கு எத்தியோப்பியாவிலிருந்து ஓர் உறை வந்தது. அங்கே ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலைக்கு நிசா விண்ணப்பித்திருக்கிறாளாம். தன்னை நன்கு அறிந்தவர் என்று என் பெயரைத் தந்திருக்கிறாளாம். உள்ளே நான் நிரப்பித் தர வேண்டிய படிவம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். படி ஏறாதே என்றால் மலை நாட்டுக்குக் கிளம்பியிருக்கிறாள்! அன்வருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள்.

நிசா இறந்துவிட்டாள் என்று அவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதிப் போட்டேன். படிவத்தை அனுப்பவில்லை. ஆனால் ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன். எவ்வளவு காலமாகத் தெரியும், நடத்தை எப்படி, திறமை எப்படி, எல்லாவற்றுக்கும் எழுதினேன். குறைகள் என்ற இடத்தில், 'ஓரிடத்தில் இருக்க மாட்டார், அருகில் இருப்பவர்களையும் இருக்க விடமாட்டார்' என்று எழுதினேன். நிசா கடைசியாக என்னிடம் விட்டுப்போனது அந்தத் தாள்தான். இவரை இந்தப் பணிக்கு அழைத்துக்கொள்ளலாமா என்பது கடைசிக் கேள்வி. 'உடனே அழைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.