இடுப்பில் தெரியாத அளவு

மதுரையில் அந்தத் துப்பாக்கிக் கடையில் மேஜைமேல் மூன்று பிஸ்டல்களை எடுத்து வைத்தார்கள். நான் குறி பார்க்கவில்லை, விசையை இழுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக இடுப்பில் செருகி, சட்டையை இழுத்து விட்டு, அங்கிருந்த கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நின்றேன். கல்யாணப் பட்டு எடுக்க வந்த பெண்கூட அத்தனை தடவை திரும்பியிருக்க மாட்டாள்.

கூட வந்திருந்தவர் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். கோட்டாற்றில் என் நகைக்கடைக்கு எதிரே பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். துப்பாக்கி பிடித்துப் பழகிய ஆள் என்று எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“வேய், நீரு துப்பாக்கி வாங்க வந்தீரா, இல்ல ஒளிச்சு வைக்க வந்தீரா?” என்றார்.

இருப்பதில் பெரியதை எடுத்து என் கையில் திணித்தார். “இதைப் பிடியும். அஞ்சு விரலும் உக்காருதா? இதுதான் உமக்கு உள்ளது.” சின்னதைப் பிடித்தபோது என் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் அது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. “சின்னது சொமக்க சொகம், சுடதுக்குக் கஷ்டம். கையில நிக்காது, துள்ளும், கேட்டீரா?” என்றார். கேட்டேன். கேட்டுக்கொண்டே சின்னதை வாங்கினேன். அது சட்டைக்குள் இருப்பது வெளியே தெரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது, எல்லோரையும்விட என் தம்பிக்குத் தெரியக் கூடாது.

லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்று பட்டாளத்துக்காரர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

கல்யாண நகைகளை முகூர்த்தத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். ஒரு சித்திரை மாதம், நகைப் பையோடு ஸ்கூட்டரில் போகும்போது ஒரு பைக் என் பின்னாலேயே வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. அடுத்த வாரமும் அப்படியே. ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் வழி தவறியவர்களோ, காதலியின் வீட்டைத் தேடியவர்களோ, யார் கண்டது? ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குத் தூக்கம் போயிற்று. துப்பாக்கி லைசென்ஸ் கேட்பது என்று முடிவு செய்தேன்.

மனு எழுதித் தருபவர் ஒருவரிடம் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே என் கதையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“பைக்கு வந்துச்சி, பயமா இருக்குன்னு எழுதினா ஒண்ணும் நடக்காது. ஆளு வேணும். உம்மைக் கொல்லுவேன்னு யாராவது சொல்லியிருக்கானா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “எனக்க தம்பி சொல்லியிருக்கான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. விரல்கள் தட்ட ஆரம்பித்திருந்தன. “எங்க வச்சி?”

“வயல்ல.”

“கையில ஏதாவது இருந்துச்சா?”

“மம்பட்டி இருந்துச்சி.”

அது உண்மை. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பூர்வீக வயல் இருக்கிறது. அப்பா போன பிறகு எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. இரண்டையும் அவன்தான் பயிர் செய்தான். என் பாதியில் மண் அடித்து வீட்டுமனை ஆக்கலாம் என்று ஒருநாள் அவனிடம் சொன்னேன். சுற்றிலும் அதைத்தானே செய்கிறார்கள். அவன் வரப்பில் நின்று மடையை வெட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டியோடு நிமிர்ந்து, “ஒரு டிப்பர் மண்ணு இங்க வந்து தட்டட்டும், உன்னை வெட்டி இந்த மடையிலயே பொதைச்சிருவேன்” என்றான். சொல்லிவிட்டு, “சாப்பிட்டியா? அம்மை மீன்கறி வச்சிருக்கா, போய்த் தின்னு” என்றான். நானும் போய்த் தின்றேன்.

என் தம்பியின் வாய் அப்படி. ஓடாத மோட்டாரை வெட்டுவான். வயலில் இறங்கிய ஆட்டை வெட்டுவான். பஸ் பிந்தினால் டிரைவரை வெட்டுவான். எங்கள் வீட்டில் அதை யாரும் காதில் வாங்குவதே இல்லை. “ஆமா, இவன் வெட்டுன தலையைக் குமிச்சா ஒரு மலை வரும்” என்று அம்மா சிரிப்பாள். எங்கள் பக்கத்தில் பாசமும் கோபமும் ஒரே வாயில் ஒரே வார்த்தையாகத்தான் வரும். வெளியூர்க்காரன் கேட்டால் கொலை விழப் போகிறது என்று ஓடிவிடுவான். எனக்கு அது தெரியாதா? நாற்பத்தைந்து வருஷம் அந்த வாயோடு வளர்ந்தவன் நான்.

மனுக்காரர் அச்செடுத்துக் கொடுத்தார். ‘மேற்படி எனது சகோதரர், மண்வெட்டி என்னும் பயங்கர ஆயுதத்துடன், என்னை வெட்டிப் புதைத்து விடுவதாகக் கொலை மிரட்டல் விடுத்தார்.’ சாப்பிட்டியா என்று கேட்டது அதில் இல்லை. படித்தேன். “இதை முதல்ல ஸ்டேஷன்ல குடும். அந்த ரசீதோட லைசென்சுக்குப் போடும். ஒரு தடவை கூப்பிட்டு விசாரிக்கதோட முடிஞ்சிரும், அவருக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். பேனாவைக் கையில் எடுத்தேன். அந்தக் கொலை மிரட்டல் வரியை அடித்துவிடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

தம்பியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனானாம். காலையில் போனவனை மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வைத்து, இனி அண்ணனிடம் வம்பு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வயல் தகராறுக்காக நான் புகார் கொடுத்துவிட்டேன் என்றுதான் அவன் நினைத்தான். துப்பாக்கி விஷயம் அவனுக்குத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“மக்கா, அவன் சொன்னதை எல்லாம் எழுதணும்னா ஸ்டேஷன்ல பேப்பர் தீந்து போவும்லே. நீ ஒண்ணை மட்டும் எழுதிக் குடுத்திட்டியே” என்றாள்.

“சும்மா ஒரு பேப்பருக்காக எழுதினதும்மா.”

“அவன் சும்மா சொன்னான். நீ சும்மா எழுதலியே” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

பல மாதம் கழித்து லைசென்ஸ் வந்தது. பட்டாளத்துக்காரரோடு மதுரைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

சின்னதாக வாங்கிவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன். அது என் வாழ்க்கையையே கலைத்துப் போட்டது. பிறந்ததிலிருந்து வேட்டி கட்டியவன், பெல்ட்டுக்காகப் பேன்ட்டுக்கு மாறினேன். “என்ன வேய், துபாய் விசா வந்திட்டோ?” என்று தெருவே கேட்டது. சட்டையை ஒரு அளவு பெரிதாகத் தைக்கச் சொன்னபோது டெய்லர் என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்தால் குத்தும், உட்கார்ந்தால் உறுத்தும். யாராவது தோளில் கை போட்டால் ஓர் அடி விலகுவேன். மனைவிக்கு மட்டும் தெரியும். “உங்க இடுப்புல இருக்கது உங்களுக்குக் காவலா, அதுக்கு நீங்க காவலா?” என்றாள். இரண்டாவதுதான் நிஜம். அந்தப் பைக்கை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

எல்லாம் யோசித்து வாங்கியவன் ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கடையிலிருந்து நேரே போய் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். வாங்கிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை வாசல் வரை போய், பட்டனில் கை வைத்து, அப்படியே நின்றேன்.

“நீ போய்ட்டு வாம்மா, நான் வண்டியைப் பாத்துக்கிடுதேன்.”

“வண்டியை யாருலே கொண்டு போவா? சாமியைப் பாக்கதுக்கு உனக்கு என்ன வந்துச்சி?” என்று என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தனியாக உள்ளே போனாள். அதன் பிறகு வந்த எல்லா வெள்ளிக்கிழமையும் ஏதாவது ஒரு சாக்குச் சொன்னேன். அவளும் கடைசிவரை தனியாகத்தான் போய் வந்தாள். நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

அம்மா இறந்த செய்தி வந்தபோது நான் ஆரல்வாய்மொழியில் ஒரு பெண் வீட்டில் நகையைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் இருந்த காற்றாலைகளின் சத்தத்தில் போனில் தம்பி சொன்னது முதலில் புரியவில்லை. “அம்மை போயிட்டா” என்று மறுபடியும் சொன்னான். புகாருக்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நேரே ஊருக்கு ஓடினேன். என் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து இடுப்பில் இருந்ததை வைத்துவிட்டு வர வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை.

எங்கள் பக்கம் நீர்மாலை எடுப்பது வழக்கம். பெற்ற பிள்ளைகள் குளத்தில் முழுகி, ஈர வேட்டியும் வெற்று மேலுமாகக் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து, அந்தத் தண்ணீரில்தான் இறந்தவரைக் குளிப்பாட்ட வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. மூத்த மகனுக்காகத்தான் காத்திருந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவனை மாமா கையைப் பிடித்து எழுப்பிப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தார்.

“அழதுக்கு நேரம் கெடக்கு. சட்டையைக் கழத்துலே மக்கா, வெயில் சாயுது” என்றவர், நான் நிற்பதைப் பார்த்து, துக்கத்தில் கை ஓடவில்லை என்று நினைத்துப் பின்னால் வந்து அவரே சட்டையை உருவினார். எதிரே தம்பி குடத்தோடு நின்றான்.

அவன் கண் என் இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவன் குடத்தைக் கீழே வைத்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து என் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினான், மாமா முன்பக்கம் வருவதற்குள். “அண்ணன் வேட்டி மாத்திட்டு வருவான்” என்று மற்றவர்களிடம் சொல்லி, என் கையைப் பிடித்து அம்மாவின் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.

நான் தோட்டாக்களைக் கழற்றினேன். தம்பி அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பிடித்தான். அவள் சேலைகளுக்கு அடியில் அதை வைத்தேன். அவனே பூட்டினான்.

“அப்பம், அந்தப் பேப்பர் இதுக்குத்தானா?” என்றான்.

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

“நான் வெட்டிருவேன்னு நெசமாவே நெனச்சியா அண்ணே?”

“இல்லலே. சத்தியமா இல்ல.”

அது அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது என்று அவன் முகம் சொன்னது. பயந்து எழுதியிருந்தால் மன்னித்திருப்பான். சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினான்.

“நீயே வச்சுக்க. பொறவு நான் எடுத்தேன்னு எழுதிராதே” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அன்று இரண்டு பேரும், சொந்தக்காரர்கள் தலைக்கு மேலே விரித்துப் பிடித்த ஒரே துணியின் கீழே, தோளோடு தோள் இடிக்க, அம்மாவுக்குத் தண்ணீர் சுமந்து வந்தோம். சாவி என் ஈர வேட்டி மடியில் இருந்தது.

லைசென்ஸைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது நான் புதுப்பிக்கவில்லை. முறைப்படி எழுதிக் கொடுத்துப் பிஸ்டலை ஒப்படைத்துவிட்டேன். ஒரு தடவைகூட அதைச் சுட்டதில்லை. மறுபடியும் வேட்டிக்கு வந்துவிட்டேன். என் பாதி வயலில் மண் அடிக்கவில்லை, இனி அடிக்கவும் மாட்டேன். அதைத் தம்பியிடம் போய்ச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். “அதுக்கென்ன அண்ணே, விடு” என்றான். வாழைக்குலை கொடுத்தனுப்பினான். கல்யாணம் காட்சிக்கு வருகிறான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன கன்னிப்பூ பருவ நெல் அறுவடைக்கு முன்னால் ஒருநாள் வயலுக்குப் போனேன். தூரத்திலேயே அவன் குரல் கேட்டது. மோட்டார் நின்றுபோய்விட்டது போல. “ஏலே, உன்னைத் துண்டு துண்டா வெட்டி” என்று அதை உதைக்கப் போய்க்கொண்டிருந்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பழைய வாய் அப்படியே இருக்கிறதே என்று வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். தூக்கிய காலைக் கீழே வைத்து, துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“வா அண்ணே. மோட்டார் கொஞ்சம் மக்கர் பண்ணுது, வேற ஒண்ணும் இல்ல” என்றான்.