பெரட்டுத் திடலில் ஒரு கல்யாணம்

மண்டபச் சாவி வைத்திருப்பவனுக்குக் கல்யாணச் சாப்பாடு தவறாமல் கிடைக்கும். கடைசி விருந்தாளி கிளம்புகிறவரை வீட்டுக்குத்தான் போக முடியாது. கோலா சிலாங்கூர் பக்கம், பழைய தோட்டத்து மண்ணில் நிற்கும் நகராண்மைக் கழக மண்டபத்துக்கு நான்தான் பொறுப்பு. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் சக ஜீவன்களே, என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும்.

மேடு

மண்டபம் ஒரு மேட்டில் இருக்கிறது. கடைத்தெருவில் கட்டாமல் இங்கே ஏன் கட்டினீர்கள் என்று யாராவது என்னிடம் சண்டைக்கு வந்துகொண்டே இருப்பார்கள், மாவட்டத்தையே நான் ஆள்வதைப் போல. நானும் விசாரித்தேன். தோட்டக் காலத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டுத் திடல்தான் இது. தோட்டம் கைமாறி வீடுகள் முளைத்தபோது, இது மட்டும் பொதுவுக்கு வந்து சேர்ந்தது.

ஆறு எவ்வளவு பொங்கினாலும் இங்கே தண்ணீர் ஏறியதில்லை. அது எப்படி என்று தோட்டத்தில் ஆட்களை மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்ற மண்டோர் ஆரோக்கியசாமியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளக்காரன் நம்மள எண்ணிப் பாக்க ஒசரமான எடமாத் தேடியிருக்கான். நமக்கு நல்லதாப் போச்சு."

பாய்

சரஸ்வதி அக்கா மகள் கல்யாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எடுத்திருந்தார். சனிக்கிழமை காலை ஆறு கரையைத் தாண்டியது. மண்டபம் வெள்ள நிவாரண மையமாகிவிட்டது. மத்தியானத்துக்குள் சுவருக்குச் சுவர் பாய். அக்கா வந்து பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கோயிலிலும் முழங்கால் தண்ணீர். அந்த வாரம் விட்டால் மாப்பிள்ளை சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பிவிடுவார், அப்புறம் எப்போது லீவு கிடைக்குமோ.

மாவட்ட அலுவலகத்து அதிகாரி, உள்ளே இருப்பவர்கள் சம்மதித்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். வீட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவர்களிடம், கொஞ்சம் நகருங்கள், கல்யாணம் இருக்கிறது என்று எந்த முகத்தோடு கேட்பது? நான் மென்று முழுங்கி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், மலாய்க்காரப் பெரியம்மா மக்சிக் ஜைனாப் தன் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவரைப் பார்த்துப் பக்கத்துப் பாய், அதற்குப் பக்கத்துப் பாய். நடுமண்டபம் வெறுந்தரையானது. அவர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி நிக்கிற? பந்தல்காரனக் கூப்பிடு லா. நாங்க ஓரமாப் படுத்துக்கிறோம்" என்றார்.

பந்தி

ஞாயிறு காலை சாலைகளெல்லாம் அடைபட்டுவிட்டன. கிள்ளானிலிருந்தும் சபாக்கிலிருந்தும் வரவேண்டிய சொந்தங்கள் பாதியிலேயே திரும்பிப் போனார்கள். மாப்பிள்ளையும் பெற்றோரும் மட்டும் லோரியில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்கள். மேளக்காரர் வரவில்லை, மேளம் கைத்தொலைபேசியிலிருந்து வந்தது.

கல்யாணச் சமையல் சைவம், எந்த மதத்தவரும் சாப்பிடலாம் என்பதால் மையத்துக்கும் அதுவே சாப்பாடு. தாலி கட்டும்போது மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. அட்சதைத் தட்டு கைமாறி மூலைவரைக்கும் போனது. முந்தின நாள் வீட்டை நினைத்து அழுத முகங்கள்தான் எல்லாம். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. பந்தியில் ஒரு இலைகூடக் காலியில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சரஸ்வதி அக்கா என்னிடம் சொன்னார்: "நம்ம பக்கம் பத்திரிக வெச்சவங்க ஒருத்தரும் வர முடியல தம்பி. வெக்காதவங்க அத்தன பேரும் வந்துட்டாங்க."

இத்தனை வருஷ வேலையில் அன்றைக்குத்தான், கல்யாணம் முடிந்தும் ஒரு விருந்தாளிகூட வீட்டுக்குக் கிளம்பாததால், பூட்டுகிற வேலை எனக்கு மிச்சமானது.