பேனாவில் எழுதிய புதன்கிழமை

வேலை போன மறுநாளே ஒரு நேரக்குறிப்பு நோட்டைத் தொடங்கினேன். இருபத்தாறு வயதில் சும்மா இருக்கிறவன் என்ற பெயர் வந்துவிடக் கூடாது. அரை மணிக்கு ஒரு வரி. நடக்கப்போவது பென்சிலில், நடந்து முடிந்தது பேனாவில். இந்த விதியை வீட்டில் எல்லாருக்கும் நானே சொல்லிவைத்திருந்தேன்.

தங்கைக்கு பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலை ஏழரைக்குத் தொழிற்சாலை பஸ் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும். புதன்கிழமையானால் சர்க்கரை நோய் உள்ள அம்மாவை இனிப்புநீர் கிளினிக்குக் கூட்டிப்போய், மத்தியானம் திரும்பிய பிறகுதான் தூங்குவாள். நான் போக முடியாது. ஒன்பது முதல் என் நோட்டில் 'வேலை தேடல்' இருந்தது. உண்மையில் அந்த நேரத்தில் பெரும்பாலும் பழைய மலாயா வரலாற்றுப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு புதன்கிழமை, சீருடைகூட மாற்றாமல் கோப்பிக் கோப்பையோடு நின்றவள், மேசைமேல் திறந்திருந்த நோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, இப்ப மணி என்ன?"

"எட்டு."

"சாயங்காலம் நாலு வரைக்கும் பேனாவுல இருக்கே! எல்லா வேலையும் தேடி முடிச்சிட்டியா? அலமாக், ரொம்ப பாஸ்ட்லா நீ."

முந்தின நாளே எழுதிவைத்திருந்தேன். அது முதல் தடவையும் அல்ல. அவள் கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே தூக்கத்தில் கண் சொருகியது.

"நீ படு. நான் கூட்டிட்டுப் போறேன்."

கிளினிக்கில் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள், "மக வரலியா?" என்று கேட்டார்.

"அவ தூங்குறா, பாவம். இது என் மகன். இவனுக்கு வேலை தேடவே நேரம் பத்தாது. இன்னிக்கு எனக்காக லீவு போட்டு வந்திருக்கான்" என்றார் அம்மா. குரலில் கேலியே இல்லை. நான் எண் காட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குக் காலையில் ஊசி எத்தனை யூனிட் என்று தாதி கேட்டார். தினமும் அளந்து போடுகிறவள் தங்கை. அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போன் செய்து அவளை எழுப்பித்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய வரிகளை அடித்துவிட்டு, 'கிளினிக், 8.40 – 12.15' என்று எழுதினேன். பிறகு பழைய பக்கங்களையும் திருத்த உட்கார்ந்தேன். எல்லாமே பேனாவில் இருந்தன. எது நடந்தது, எது வெறுமனே எழுதியது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அத்தனை புதன்கிழமைக் காலைகளிலும் அவள் தூங்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். அதை நான் எந்தப் பக்கத்திலும் குறிக்கவில்லை.